மலையிறங்கிய பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை

மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வரும் சொல் "பாவம்" என்பதுதான். பள்ளியில் ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நோட்டுப் புத்தகம் கொடுக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள், நம் தோழர்களும் சொல்கிறார்கள். அதற்கு அடுத்து ஒரு பட்டியல் வரும். அடிப்படை சரியில்லை, ஆங்கிலம் வராது, கூச்சம் அதிகம், சமவெளிப் பிள்ளைகளோடு ஒட்டுவதில்லை. இந்தப் பட்டியல் முழுப்பொய் என்று நான் வாதாட வரவில்லை. இது பாதிப் பட்டியல் என்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் என்ன இல்லை என்பதை எழுத நம்மிடம் நோட்டு நோட்டாகத் தாள் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று எழுத ஒரு பக்கத்தைக்கூட யாரும் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்தைத் திறப்பது அனுதாபம் சார்ந்த வேலை கிடையாது, அரசியல் வேலை. "உன்னிடம் ஒன்றுமில்லை, நான் தருகிறேன்" என்பது இந்த நாட்டில் நெடுங்காலமாக யார் யாரிடம் பேசிய மொழி என்று நமக்குத் தெரியும். அதே மொழியைப் பள்ளிக்கூடமும் பேசினால், சாதிக்கு எதிரான கல்வி என்று எதைச் சொல்வோம்?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த மலைக்காட்டில் 8,373 ஏக்கரை 1929-இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் விரிந்தன. கங்காணிகள் வழியாக மலையேறிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கீழே நிலம் இல்லாதவர்கள், ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள். மேலே போனால் சாதி குறையும் என்று நம்பிப் போனவர்களும் உண்டு. மூன்று நான்கு தலைமுறைகள் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தன. கூலி உயர்வும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்ற பேரணியைக் காவல்துறை அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. குத்தகை முடிவதற்கு 2028 வரை காலம் இருந்தும், 2024-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் கொழுந்து பறிப்பு நின்றது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்ற தொழிலாளர் கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சட்டம் என்ன நினைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு தோட்டத்தில் 6 வயதிலிருந்து 12 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதர முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. 12 வயதோடு கணக்கு முடிந்தது. அதற்கு மேல் கொழுந்துக்கூடைதான் என்று சட்டம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. மேல்வகுப்பு வேண்டுமென்றால் பிள்ளை மலையை விட்டு இறங்கி விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கியாக வேண்டும். அப்படி இறங்கிப் படித்து முடித்தவர்களும் இருக்கிறார்கள், பாதியில் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இப்போது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து இறக்கியாகிவிட்டது.

நான் வாரத்தில் மூன்று நாள் மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் பாடம் சொல்லித் தருகிறேன். மலையிறங்கிய பிள்ளைகளும், இங்கேயே பீடி சுற்றும் வீடுகளின் பிள்ளைகளும், செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். அங்கே நான் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சதவீதப் பாடத்தில், கடைக்காரர் ஒருவர் வாங்கிய விலை, விற்ற விலை, லாபம் என்ற கணக்கில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கை மாற்றினேன். ஒரு தோட்டத்தில் நாள் எடை 20 கிலோ, அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு, ஒருத்தர் 34 கிலோ பறித்திருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் மழை, மொத்தம் எவ்வளவு வரும்? நான் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன் விடை வந்தது. கூடவே, "மழை நாள்ல எடை கூடத்தான் காட்டும்க்கா, தண்ணி இருக்கும்லா" என்று ஒரு திருத்தமும் வந்தது. நான் போட்ட கணக்கில் இருந்த ஓட்டையை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா பறித்த கிலோவை ராத்திரி விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது பாடமே இல்லை, அன்றாடம்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. என் அம்மா சொளவை மடியில் வைத்து பீடி சுற்றியவர். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்குத்தான் கூலி. கடையில் கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் பத்தாது, மிச்சத்துக்குக் கைக்காசில் இலை வாங்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் கழிவு என்று சில கட்டுகளை ஒதுக்குவார்கள். ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. எட்டு வயதில் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் படித்த பள்ளியில் என் கணக்கு மதிப்பெண் முப்பதைத் தாண்டியதில்லை. வீட்டில் போடும் கணக்கும் பள்ளியில் போடும் கணக்கும் ஒன்றுதான் என்று அங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை.

இது எங்கள் ஊர் விவகாரம் மட்டுமில்லை. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தேங்காயும் பழமும் விற்கும் ஏழைப் பிள்ளைகளை வைத்து டெரெசினா நூனெஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சந்தையில் வாடிக்கையாளர் போல நின்று கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குப் பிள்ளைகள் சரியாக விடை சொன்னார்கள். அதே கூட்டல் பெருக்கல்களைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதமாக விழுந்தது. ஆய்வுக்கு எடுத்தது ஐந்தே பிள்ளைகளை, ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரிது. 40 ஆண்டுகள் கழித்து 2025-இல், கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய பெரிய ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. அதிலும் இதே முடிவு. கூடுதலாக இன்னொன்றையும் அது காட்டியது. பள்ளிக் கணக்கில் கெட்டியான, வேலைக்குப் போகாத பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, இரண்டு பக்கத்திலும் அறிவு இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் குறை இருக்கிறது. ஒரு பக்கத்தின் குறைக்கு மட்டும் "மக்கு" என்று பெயர் வைத்தது யார்?

அடுத்தது காடும் மழையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செய்தியைக் கேளுங்கள். மாநிலத்தில் அதிக மழை பெய்த இடங்கள் என்று ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி வரும். நம் படிப்பகப் பிள்ளைகளுக்கு அவை வானிலை அறிக்கையின் பெயர்கள் கிடையாது, வீடு இருந்த இடங்கள். தென்மேற்குச் சாரலும் வடகிழக்கு மழையும் ஒரே மலையில் எப்படி வேறு வேறாகப் பெய்கின்றன, எந்த மழைக்கு அட்டை அதிகம், காட்டுமாடு எந்த நேரத்தில் வழியில் நிற்கும், மிளா கத்தினால் என்ன அர்த்தம் என்று அவர்கள் சொல்லும்போது நான் மாணவியாகிவிடுகிறேன். பாடப்புத்தகம் கடமான் என்கிறது. அவர்கள் மிளா என்கிறார்கள். "அப்படின்னா எங்க ஊர்ல இருந்தது வேற மானாக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். இரண்டு சொல்லும் ஒரே விலங்குக்குத்தான் என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த நிம்மதி என் நினைவில் இருக்கிறது. தன் ஊர்ச்சொல் பிழை இல்லை என்ற நிம்மதி அது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பலம் என்று சொல்லக்கூட நமக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மனு எழுதத் தெரியும். கடிதம் எழுதும் பயிற்சியில், பேருந்து வசதி கேட்டு ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளபடி நான்கு வரி எழுதினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பொருள், பார்வை எல்லாம் போட்டு, யார் யாருக்கு எத்தனை நேரம் நடை என்று எழுதி, கடைசியில் "நகல்" என்று மூன்று அலுவலகங்களின் பெயரையும் சேர்த்திருந்தான். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அம்மாவோடு வரிசையில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதாம். வழக்கு, தடையாணை, வாய்தா, மேல்முறையீடு என்ற சொற்கள் அந்தப் பிள்ளைகளின் வாயில் சரளமாக வருகின்றன. ஒரு பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது. ஆனால் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அறிவாக மதிப்பதா, தொந்தரவாகப் பார்ப்பதா என்பதுதான் பள்ளியின் முன்னுள்ள தேர்வு. அமெரிக்காவில் தாரா யோசோ என்ற கல்வியாளர் 2005-இல் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் செல்வங்களை ஆறாகப் பிரித்து எழுதினார். அந்த ஆறில் ஒன்று எதிர்த்து நிற்கும் மூலதனம். 1999-இல் ஆற்றில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அது இல்லாமல் இருக்குமா?

இனி, இதையெல்லாம் பாடமாக்கிய பள்ளிகள் உண்டா என்று கேட்டால், உண்டு. நம் மாநிலத்திலேயே உண்டு.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் பிரேமா ரேவதி தொடங்கிய வானவில் பள்ளியைப் பலர் அறிவீர்கள். நிவாரணப் பட்டியலில்கூட இடம் கிடைக்காமல் நின்ற பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் சமூகங்களின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி அது. ஊர் ஊராக நடந்து, தெருவில் புது மனிதரோடு பேசி, எங்கே நின்றால் விரட்டுவார்கள் எங்கே சோறு கிடைக்கும் என்று கணித்து வாழ்ந்த பிள்ளைகள். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கைகட்டி வாய்பொத்தி உட்கார வைப்பதைக் கல்வி என்று அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டும் கதையும் நாடகமும் அங்கே பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கூடலூரில் வித்யோதயா இருக்கிறது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அதன் வேர் பழங்குடி மக்களின் நில உரிமைப் போராட்டத்தில் இருக்கிறது. 1988-இல் கூடலூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நிலத்துக்காக ஊர்வலம் போனார்கள். அந்தச் சங்கத்து மக்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தபோது, அந்தச் சமூகங்களின் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிள்ளையின் தாய்மொழியும் பாட்டும் வகுப்புக்குள் வந்தன. அரசுப் பள்ளியில் நின்றுபோன பிள்ளைகள் அங்கே தங்கியதற்குப் பெரிய மாயம் ஒன்றும் காரணமில்லை. தன்னைப் போன்ற ஒருவர் சாக்கட்டியோடு நிற்பதைப் பிள்ளை பார்த்தது.

நம் இயக்க மரபுக்கு இது புதுச் சரக்கும் இல்லை. 1848-இல் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் புனேயில் தொடங்கிய பள்ளிகளை இன்றைய சொல்லில் சொன்னால் மாற்றுப் பள்ளிகள்தாம். அவர்கள் நடத்திய பள்ளியில் மூன்றே ஆண்டு படித்த முக்தா சால்வே என்ற 14 வயது மாங் சமூகப் பெண், 1855-இல் மாங், மகர் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை ஞானோதயா இதழில் வெளியானது. வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டுமே உரியது என்றால் நாங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்வியை அந்தப் பிள்ளை எழுப்பினாள். எழுத்தைக் கொடுத்தது பள்ளி. கேள்வியைக் கொண்டுவந்தது அவள். அந்தக் கேள்வியை எந்த ஆசிரியராலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அது அவள் தெருவில் பிறந்த கேள்வி. அம்பேத்கர் 1950-இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியை நிறுவியதும் இப்படித்தான் பயன் தந்தது. வறண்ட மராத்வாடாவின் சேரிகளிலிருந்து வந்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போனதோடு நிற்கவில்லை. மராத்தி தலித் இலக்கியத்துக்கு அந்தக் கல்லூரி ஒரு நாற்றங்காலாக இருந்தது.

கடல் தாண்டியும் ஒரு சான்று. 1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 40-க்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகள் நடந்தன. தேவாலயங்களிலும் மரத்தடிகளிலும்கூட வகுப்புகள் நடந்தன. அவற்றின் பாடத்திட்டம் சில கேள்விகளைச் சுற்றி அமைந்தது. பெரும்பான்மைச் சமூகத்திடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம், நம்மிடம் இருப்பதில் எதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பவை அவை. மாணவர்களே செய்தித்தாள் நடத்தினார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நம் ஊர்ப் பள்ளி எதுவாவது ஒரு தலித் பிள்ளையிடம் கேட்டிருக்கிறதா?

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். "பெற்றோரின் வேலையை வகுப்பறைக்குள் கொண்டுவருவது குலக்கல்விதானே? கொழுந்துக் கணக்கும் பீடிக் கணக்கும் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையை அங்கேயே கட்டிப்போடப் பார்க்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். மாநிலம் கொதித்தது, ராஜாஜி 1954-இல் பதவி விலகினார், காமராசர் வந்து அதைக் கைவிட்டார். அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள் நாம். அதில் கடுகளவும் பின்வாங்க முடியாது.

ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குலக்கல்வி பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பியது. நாம் கேட்பது தொழிலில் இருக்கும் அறிவைப் பள்ளிக்கு வரவழைப்பது. அது பிள்ளையின் படிப்பு நேரத்தைப் பறித்தது. நாம் அந்த நேரத்துக்குள் பிள்ளைக்குப் பிடிமானம் கேட்கிறோம். கொழுந்து எடையில் தொடங்கும் கணக்கு கொழுந்து எடையிலேயே நின்றால் அது குலக்கல்விதான், சந்தேகமே வேண்டாம். அங்கிருந்து சதவீதத்துக்கும், இயற்கணிதத்துக்கும், கூலிச் சட்டத்துக்கும், நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வாசிப்பதற்கும் அது ஏறிப்போக வேண்டும். தாய் பறித்த கிலோவின் விலை எங்கே போனது என்று மகள் புள்ளிவிவரத்தோடு கேட்கும் இடம்வரை ஏற வேண்டும். பிள்ளை கொண்டுவரும் அறிவு ஏணியின் முதல் படி. அதை வேலியாக்கினால் எதிர்ப்போம். முதல் படியே இல்லாமல் ஏணியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "ஏறத் தெரியவில்லை" என்று பிள்ளையைக் குறை சொன்னாலும் எதிர்ப்போம்.

இன்னொரு பொறியையும் சொல்ல வேண்டும். பலம், பலம் என்று பேசிப் பேசிக் கொடுமையை அழகாக்கிவிடும் பொறி. 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். அந்த மாணவர் காயத்திலிருந்து மீண்டு, பிளஸ் 2 தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தபோது ஊரெல்லாம் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாராட்டிய கையோடு, ஒரு மாணவனுக்கு ஏன் அத்தனை மனஉறுதி தேவைப்பட்டது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன. பிள்ளையின் உறுதியைப் புகழ மேடை உடனே கிடைக்கிறது. அறிக்கையை முழுதாக நடைமுறைப்படுத்தத்தான் இத்தனை இழுத்தடிப்பு.

துன்பம் யாருக்கும் நல்லது செய்வதில்லை. பசி யாரையும் கூர்மையாக்குவதில்லை. பசியோடும் கூர்மையாக இருந்துவிட்ட பிள்ளைகளைத்தான் நாம் பார்க்கிறோம். பசி விழுங்கிய பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை. பலம் அந்தப் பிள்ளைக்கும் அவள் சமூகத்துக்கும் உரியது. துன்பம் அதற்குக் காரணமானவர்களுக்கு உரிய குற்றம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "கஷ்டப்பட்டால்தான் முன்னேறலாம்" என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

மாற்றுக் கல்வி என்ற சொல்லும் இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நகரத்து வசதியான வீடுகளின் பிள்ளைகள் ஆண்டுக்கு லட்சங்களைக் கட்டி மண்ணைத் தொடவும், விதை போடவும், மரத்தடியில் உட்காரவும் மாற்றுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். போகட்டும். ஆனால் அதே மண்ணும் மரமும் மூன்று தலைமுறையாகத் தெரிந்த பிள்ளை அரசுப் பள்ளியில் பின் பெஞ்சில் "எஸ்டேட்டுப் புள்ள" என்ற பட்டப்பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் இயற்கை அறிவு, இன்னொருவர் வாழ்ந்து பெற்றால் காட்டுத்தனம். அறிவுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பது என்பது இதுதான்.

ஆகவே சில கோரிக்கைகள்.

அரசிடம் கேட்பது: மாஞ்சோலைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று பள்ளிக் கல்வித்துறை பதிவேடு வைத்து, பிளஸ் 2 முடிக்கும்வரை பின்தொடர வேண்டும். மறுவாழ்வு என்பது வீட்டுச் சாவியோடு முடிவதில்லை. இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துள்ள பள்ளிகளில், அந்தக் குடும்பங்களிலேயே படித்து வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களை ஊதியத்தோடு கற்றல் துணையாளர்களாக நியமிக்க வேண்டும். பட்டம் வாங்கிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். சந்துரு குழுவின் பரிந்துரைகளை நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் தள்ளிப்போடாமல் நிறைவேற்ற வேண்டும்.

ஆசிரியர்களிடம் கேட்பது: ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போங்கள். புகார் சொல்லப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். அமெரிக்காவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் குழுவினர் 1990-களில் மெக்சிகோ வழித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களைக் கற்பவர்களாக அனுப்பினார்கள். விவசாயம், கட்டுமானம், மருந்து, வியாபாரம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பாடமாக்கினார்கள். இதற்கு அரசாணை வேண்டாம். ஒரு சனிக்கிழமை போதும். ஜூலை 23 வந்தால், தாமிரபரணியில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகள் பேச ஒரு பாடவேளையைக் கொடுங்கள்.

நம் தோழர்களிடம் கேட்பது: நாம் நடத்தும் படிப்பகங்கள் மதிப்பெண் டியூஷனாகச் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. தேர்வும் முக்கியம், அதில் சமரசம் கூடாது. நம் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் முழுதாகக் கிடைக்க வேண்டும், அதில் ஒரு மதிப்பெண்ணைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் சொல்ல, நாம் எழுதும் வகுப்பு நடக்கட்டும். லைன் வீட்டு வாழ்க்கை, பாட்டி சொன்ன கங்காணிக் கதை, வழக்கின் கதை எல்லாம் அவர்கள் கையெழுத்திலேயே கையெழுத்துப் பத்திரிகையாக வரட்டும். மாஞ்சோலையைப் பற்றி நிறுவனம் எழுதியிருக்கிறது, வனத்துறை எழுதியிருக்கிறது, சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே பிறந்தவர்கள் எழுத வேண்டிய புத்தகம் இன்னும் பாக்கி இருக்கிறது.

குத்தகைப் பத்திரத்தின்படி 2028 பிப்ரவரியில் அந்த 99 ஆண்டுகள் முடியும். அன்று மலை அரசு ஆவணங்களில் வெறும் காடாக எழுதப்படும். அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள், கேள்வி கேட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக மிஞ்சப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகள்தாம். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அவர்கள் கையில் இருப்பதை வாங்கிப் பார்க்கும் பள்ளியை உருவாக்குவது நம் வேலை.